செத்த ராசாவின் வேசம்

ஏசு மரி சூசை துணை

சந்தியாகுபட்டி
1892 பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா மதலேனாளுக்குத் தம்பி ஞானதுரை எழுதிக்கொள்வது. இங்கன நான் சுகம். மாடு இரண்டும் சுகம். அம்மையநாயக்கனூரில் நீயும், ரயிலடி வேலையில் மச்சானும், பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தைத் தவசி அண்ணன் கொண்டுவருவார். மலைமேல் அணை கட்டுகிற இடத்துக்கு இரும்பு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறார். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு.

தவசுகாலம் பிறப்பதற்குள் வேசம் பிரித்துவிட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு இந்த வருசமும் ரோமாபுரி இளவரசன் வாசகப்பா நாடகம்தான். நீ கன்னியர் பள்ளிக்குப் போவதற்கு முன் பார்த்தது, மறந்திருப்பாய். பெரிய ராசாவை அவர் தம்பி சின்ன ராசா வேட்டைக்காட்டில் குத்திக் கொன்றுவிட்டு, நாட்டையும் ராணியையும் எடுத்துக்கொள்கிறான். அரண்மனை வண்ணாத்தி ரத்தக்கறைத் துணியைக் காட்டி இளவரசனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். பழி வாங்குவேன் என்று அவன் சபதம் போடுகிறான். போட்டுவிட்டு விடியவிடியப் புலம்புகிறான். கோழி கூப்பிடும்போதுதான் குத்துகிறான். அதற்குள் வண்ணாத்தி செத்து, ராணி செத்து, கடைசியில் அவனும் சாகிறான்.

அந்த இளவரசன் வேசம் எனக்கு வந்திருக்கிறது. சின்ன ராசா வழக்கம்போல நாட்டாண்மை அய்யாத்துரைப் பெரியப்பா.

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. ஆட்டத்தைக் கற்றுத்தருகிற அண்ணாவியிடம், "இவன் ஏன் உடனே குத்தல?" என்று கேட்டேன். "உடனே குத்திட்டா தீவட்டிக்கு வாங்கின எண்ணெய் என்னாகும்லே? பாட்டைப் பாடு. காரணத்தை ராகம் பாத்துக்கிடும்" என்றார். நீ படித்தவள். நீ சொல்.

தம்பி ஞானதுரை.


அம்மையநாயக்கனூர்
மார்ச் 7

பிரியமுள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், மற்றபடி குறைவில்லை. உன் மாடுகளின் சுகம் தெரிந்துகொண்டேன். ஆத்தா எப்படி இருக்கிறாள்?

உன் இளவரசன் ராசா வீட்டுப் பிள்ளை, அதனால் புலம்புகிறான். உழுது தின்கிறவனாக இருந்தால் காலையில் வேலைக்குப் போக வேண்டியிருக்கும், இத்தனை பாட்டுக்கு நேரம் இராது. எனக்கு அவன் மேல் மரியாதை இல்லை.

இன்னொன்று யோசித்தாயா? ஊருக்குப் பெரிய குடும்பம் கொலைகாரன் வேசத்தை ஏன் தலைமுறை தலைமுறையாக விடாமல் கட்டுகிறது? கிரீடம் அதிக நேரம் தலையில் இருக்கிற வேசம் அதுதான். நம்மைப் பெற்ற அய்யாவுக்கு விட்டது பெரிய ராசா. முதல் காட்சியிலேயே செத்துவிட்டால், அப்புறம் எழுந்துபோய்த் தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றலாம் பார்.

அய்யாவைப் பற்றி நீ எழுதாததை நான் எழுதுகிறேன். போன கார்த்திகையில் மழை பொய்த்து, கடைமடைச் சேரி வயல்கள் காய்ந்தன. நாட்டாண்மை பேச்சை மீறி அய்யா மடையைத் திறந்தார். அன்றைக்கே வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். கால் வழுக்கி விழுந்தார் என்று சொன்னீர்கள். முல்லையாறு பெருகி வந்தபோது நீந்திப் போய் ஆட்டை இழுத்து வந்த மனுசர், முழங்கால் தண்ணீரில் செத்தாரா? அடக்கத்துக்கு நான் வந்தபோது பின்மண்டையைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். நீ தரையைப் பார்த்தாய்.

பதில் எழுது.

அக்கா மதலேனாள்.


சந்தியாகுபட்டி
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கன சுகம். வெயில் ஏறிவிட்டது. செவலை மாட்டுக்குக் காலில் புண், வேப்பெண்ணெய் போடுகிறேன்.

இளவரசனைக் கோழை என்கிறாய். நான் அவன் பாட்டுகளைத் தினமும் பாடுகிறவன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அந்த நாட்டில் வழக்குக் கேட்கிற ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறவனே கொன்றவன். சேனாபதி அவன் சம்பளம், மந்திரி அவன் சம்பளம். வண்ணாத்தி பேச்சை எந்தச் சபை எடுக்கும்?

அதற்கும் மேலே ஒன்று. சின்ன ராசா பக்கத்தில் இளவரசனின் தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவன் போடுகிற சோற்றைத் தின்கிறாள். அவனைக் கொலைகாரன் என்று சொல்ல வாய் திறந்தால், அடுத்த கேள்வி தாயைப் பார்த்துத் திரும்பும். அவளுக்குத் தெரியுமா? தெரிந்துமா அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? இளவரசன் பயப்படுவது அந்தப் பதிலுக்கு என்று நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டு பாடினால் எனக்குக் குரல் சரியாக வருகிறது. அண்ணாவிகூட, "ஏலே, இன்னைக்குத்தான் பாட்டு தொண்டைக்குக் கீழே இருந்து வருது" என்றார்.

நீ கேட்ட மற்றதை நேரில் பேசுவோம்.

தம்பி ஞானதுரை.


அம்மையநாயக்கனூர்
ஏப்ரல் 20

தம்பிக்கு. பாஸ்குத் திருநாள் வாழ்த்து. எங்கள் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் எழுதக் கை வரவில்லை.

தவசி அண்ணனுக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "ஆத்தா எப்படி இருக்காகண்ணே?" அவர் மாட்டைப் பார்த்தார், வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காக. நாட்டாண்மை வீட்டுல நெல்லு குத்துறாக. ராவும் அங்கனயேதான். ஏன் தாயி, தம்பி எழுதலையா?"

தம்பி செவலையின் கால் புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொன்னேன்.

இப்போது புரிகிறது, உன் இளவரசனுக்குத் தாய் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறாள் என்று. நம் ஆத்தா, நம் அய்யாவை அடித்தவன் வீட்டு உரலில் நெல் குத்துகிறாள். நீ அதைப் பார்த்துக்கொண்டு ராகம் பழகுகிறாய்.

அந்தக் கதையில் எனக்கு ஆகாதது எது தெரியுமா? வண்ணாத்தி. அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். இளவரசன் கேட்டுக்கொண்டு புலம்பப் போனான். அவன் புலம்பி முடிப்பதற்குள் சின்ன ராசாவின் ஆள் அவளைக் கிணற்றில் தள்ளினான். ராணி சாகும்போது ஒப்பாரி, இளவரசன் சாகும்போது ஒப்பாரி. அவளுக்கு ஒரு விருத்தமாவது உண்டா? உயிரைக் கொடுத்துச் சொன்னவளைக் கதை கட்டினவனே மறந்துவிட்டான். இளவரசனுக்கு மனசு இரண்டுபட்டதாம், பெரிய துக்கமாம். அவன் மனசு ஒன்றுபடுகிற வரைக்கும் யார் செத்தார்கள் என்று பார்.

நாங்கள் சுகம்.

மதலேனாள்.


அம்மையநாயக்கனூர்
மே 12

தம்பிக்கு. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வண்டிக்காரர்கள் எல்லாம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் கடிதம் இல்லை என்று மச்சானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

கோபத்தில் எழுதினேன். எழுதியதில் எதையும் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நீ பேசாமல் இருப்பது எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறாய் என்றாவது ஒரு வரி எழுது.

அக்கா.


சந்தியாகுபட்டி
மே 29

அக்காவுக்கு. உயிரோடு இருக்கிறேன்.

ஆத்தா அங்கேதான். அடக்கம் முடிந்த வாரமே பெரியப்பா கூப்பிட்டு அனுப்பினார். "எம் பங்காளி பொண்டாட்டி கூலிக்குப் போகக்கூடாது" என்று ஊர் கேட்கச் சொன்னார். ஆத்தா ஒரு வார்த்தை எதிர் பேசாமல் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் நிலத்தைத்தான் நான் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறேன் என்பது உனக்குத் தெரியும். கோயிலுக்கு வரும்போது ஆத்தா என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இதை உனக்கு எப்படி எழுத?

ஒத்திகையில் ஒன்று நடந்தது. கடைசிக் காட்சி. மர வாளைப் பெரியப்பா கழுத்தில் வைக்க வேண்டும், வைத்தேன். அடுத்த அடி எனக்கு வரவில்லை. வாளை எடுக்கவும் இல்லை. மட்டக்குழல் வாசிக்கிறவன் வாசிப்பை நிறுத்திவிட்டான். பெரியப்பா நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருத்தன், "ஏலே ராசா, இன்னைக்காச்சும் குத்துவியா, இல்ல இன்னும் ரெண்டு பாட்டு இருக்கா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் நாட்டாண்மை உத்தரவு: இந்த வருசம் மர வாள் வேண்டாம், வாழை மட்டை போதும். அதற்கு ஊர் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

அக்கா, நான் வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். வாழை மட்டைக்கு ஏன் சிரித்தார்கள்? அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்ததால் சிரித்தார்கள். அப்படியானால் ஊருக்கே தெரியும். இத்தனை மாதமும் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தேன்.

வாழை மட்டை போனால் என்ன, அரிவாள் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வருகிறது. போகிறது. மறுபடி வருகிறது.

ஞானதுரை.


அம்மையநாயக்கனூர்
ஜூன் 13

என் ராசா தம்பிக்கு. நீ சுகமாக இருக்க வேண்டும், அதைவிட எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அரிவாளைத் தொடாதே. பாவம் என்று சொல்லவில்லை, அதைச் சொல்ல உபதேசியார் இருக்கிறார். நீ குத்தினால் என்ன ஆகும் என்று கதையே சொல்லியிருக்கிறது. இரண்டு பிணமும் கிடக்கும். ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஆட்டம் என்று வீட்டுக்குப் போகும். அவரைப் பாடல் பூசை வைத்துப் புதைப்பார்கள். உன்னைத் தூக்கில் போடுவார்கள். அய்யா கால் வழுக்கி விழுந்தவராகவே இருப்பார்.

நீ எழுதியதைப் படித்தபிறகு இளவரசனைத் திரும்ப யோசித்தேன். மச்சான் ராத்திரி வேலைக்குப் போகும்போது கேட்டேன், "ஏங்க, ஒருத்தன் விடியிற வரைக்கும் பாடுறான். யாரைப் பாத்துப் பாடுறான்?" "யாரும் இல்லாதப்பத்தானே பாடுவான்? நிலாவைப் பாத்து, மரத்தைப் பாத்து" என்றார். அதுதான் தம்பி. அத்தனை பாட்டில் ஒன்றைக்கூட அவன் சபையைப் பார்த்துப் பாடவில்லை. சேனாபதி கேட்டிருக்க மாட்டான், மந்திரி கேட்டிருக்க மாட்டான், சரி. குதிரைக்காரன்? சமையற்காரன்? வாசலில் நிற்கிற குடியானவன்? அவர்களிடம் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர்களை அவன் ஆளாகவே எண்ணவில்லை. தன் துக்கம் தன் சொத்து என்று பூட்டி வைத்துக்கொண்டான்.

நீ ராசா மகன் இல்லை. உனக்கு அந்தப் பூட்டு வேண்டாம்.

அக்கா மதலேனாள்.


சந்தியாகுபட்டி
ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு. இங்கன சுகம். மேற்கு மலையிலிருந்து ஆடிக் காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டது, கூரையில் பாதியைக் கொண்டுபோனது.

இளவரசன் வேசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அய்யாவின் வேசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது நான் பெரிய ராசா, முதல் காட்சியில் சாகிறவன். பெரியப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அப்பன் வேசம் மகனுக்கு, அதுதாம்ல முறை" என்று தம் கையாலேயே வெற்றிலை கொடுத்தார். இனிமேல் வாள் அவர் கையில், கழுத்து என் கழுத்து. மர வாளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊர்ப் பயல்கள் என்னைச் சும்மா விடவில்லை. கிணற்றடியில் ஒருத்தன், "மாப்பிள்ளை, குத்தச் சொன்னா குத்துப்பட்டுக்கிறேங்கிறயாமே!" என்றான். சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

நம் ஊரில் 'பொறுத்தல்' என்று ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? பெண்கள் தள்ளி நிற்பதால் உன் காதில் விழுந்திருக்காது. ஆட்டத்துக்கு முன்னால், வெயில் தாழ்ந்த நேரம், கோயில் வாசலில் நடக்கும். ஆட்டத்தில் யார் யாரைக் கொல்கிறாரோ அவர் கொல்லப்படுகிறவன் முன்னால் முழங்கால் போட வேண்டும். "உம்மைக் கொல்லப்போகிற பாவி நான், பொறுத்தருளும்" என்று சொல்ல வேண்டும். மற்றவன், "பொறுத்தேன்" என்று சொல்லி அவர் வாயில் ஒரு கல் உப்புப் போட்டுத் தூக்கிவிட வேண்டும். அது ஆகாமல் அண்ணாவி மத்தளத்தைத் தொட மாட்டார். அய்யா ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவுக்குப் பொறுத்தேன் சொல்லி உப்புப் போட்டவர்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். கடிதம் வெகுதூரம் வண்டியில் வருகிறது.

தம்பி ஞானதுரை.


அம்மையநாயக்கனூர்
ஜூலை 16

தம்பிக்கு. படித்தேன். மறுபடியும் படித்தேன்.

பிள்ளைக்கு அம்மை வார்த்திருப்பதால் திருவிழாவுக்கு வர முடியாது. ரயில்பாதையில் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள், மச்சான் சொல்லிவைத்துவிட்டார். எப்போது வேண்டுமானாலும் இங்கே வந்துவிடு. எதற்குச் சொல்கிறேன் என்றால், நிலம் போய்விடுமே என்று நீ அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டாம்.

ஆத்தாவிடம் சொன்னாயா?

அக்கா மதலேனாள்.


சந்தியாகுபட்டி
ஜூலை 28

அக்காவுக்கு. பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்றா? நான் சுகம். உண்மையான சுகம்.

பங்குச் சாமியார் பூசையை முடித்துக் குதிரையேறிப் போய்விட்டார். வெயில் தாழ்ந்தது. அய்யாவின் பழைய காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். பெரியப்பா சரிகைச் சட்டையோடு வந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே துண்டு விரித்தார்கள். பசிக்கிறவன் சாப்பாட்டுச் செபம் சொல்கிற வேகத்தில், "உம்மைக் கொல்லப்போகிற பாவி நான், பொறுத்தருளும்" என்று சொல்லிவிட்டு உப்புக்கு வாயைத் திறந்தார்.

நான் போடவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. அண்ணாவி, "சொல்லுப்பா" என்றார். நான் கேட்டேன், "எதுக்குப் பொறுக்கணும் பெரியப்பா? மேடையில நடக்கப்போறதுக்கா, வாய்க்கால் மேட்டுல நடந்ததுக்கா?"

பெரியப்பா, "வேசக்காரனாப் பதில் சொல்லுலே" என்று பல்லைக் கடித்தார்.

"வேசக்காரனாத்தான் கேக்குறேன். செத்தவன் நான். என் மண்டையில எதை வச்சு அடிச்சீக?"

சொன்னேன் அக்கா. நிலாவைப் பார்த்து இல்லை. ஊரைப் பார்த்துச் சொன்னேன். அங்கே ஊரே நின்றது; சேரிக்காரர்கள் வெளிமதில் ஓரத்தில் நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் ஆள் ஒருவன் என்னை நோக்கி வந்தான். அண்ணாவி மத்தளத்தை வாரோடு கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு எதிரே நின்றுகொண்டார். "பொறுத்தல் முடியலப்பா. முடியாம யாரும் நடுவுல வரக்கூடாது" என்றார். முழங்கால் போட்டவர் தானாக எழக்கூடாது என்பது முறை. பெரியப்பா இடமும் வலமும் பார்த்தார். கை கொடுக்க யாரும் வரவில்லை. தாமாகவே தரையில் கையூன்றி எழுந்து போனார்.

ஆட்டம் நடக்கவில்லை. தீவட்டி கொளுத்தவில்லை. மறுநாளே நிலத்தை விடச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஆத்தா நேரே ஆண்கள் நடுவில் நடந்து வந்தாள். என் கையிலிருந்த உப்பை வாங்கிக் கீழே கொட்டினாள். "வா வீட்டுக்கு" என்றாள். இப்போது பாதிக் கூரையின் கீழே என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். தானே உனக்குச் சொல்ல வேண்டுமாம். அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

ஏளா மதலேனா, நல்லா இருக்கியா? பிள்ளைக்கு முத்து இறங்குற வரைக்கும் வேப்பிலைய எடுக்காத. நீ எம்மேல கோவமா இருக்கன்னு இவன் சொல்றான். இரு. நான் கஞ்சிக் கலயத்தோட வரப்புல வரும்போது பாத்தேன். மம்பட்டிக் கட்டையால அடிச்சாரு, ஒரே அடி. இன்னொருத்தியும் பாத்தா. அவ பேர எழுதாதன்னு இவங்கிட்டச் சொல்லிட்டேன். அவ குடிசைக்குத் தீ வச்சா கேக்க ஆளில்ல. எனக்கு எரிய என்ன இருக்கு, கூரையத்தான் காத்து கொண்டுபோயிருச்சே. வழுக்கி விழுந்தாகன்னு நாந்தான் சொன்னேன். அன்னைக்கு வேற சொல்லியிருந்தா ரெண்டாவது பொணம் இவன்.

அந்தாளு வீட்டுக்குச் சோத்துக்காகவா போனேன்? அந்தாளுக்கு என்னையக் கண்டாப் பயம்டீ. நான் பரிமாறினா, மொதக் கவளத்த என்னையத் திங்கச் சொல்லுவாரு. நான் மெதுவாத் தின்னுட்டு அவரு மூஞ்சியவே பாப்பேன். அந்தாளு பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போவாரு. இத்தன மாசம் அந்த வீட்டுல ஒருநா அவரு நிம்மதியாச் சாப்பிடல. இவனுக்கு வாய் வரட்டும்னு இருந்தேன். வந்துருச்சு.

தவசி வண்டியில பெரியகுளம் தாலுகா கச்சேரிக்குப் போறேன். பாத்தத அங்கன சொல்லப்போறேன். ஆனா நான் சொல்றத அங்க ஒருத்தன் எழுதுவான், எழுதிட்டுக் கைநாட்டு வைக்கச் சொல்லுவான். நான் அடிச்சாருன்னு சொல்ல, அவன் விழுந்தாருன்னு எழுதினா எனக்குத் தெரியாது. இவன் படிச்சுச் சொன்னா, வழக்குக்காரன்னு தள்ளிருவாக. நீ வா. பிள்ளை எந்திரிச்சதும் இடுப்புல தூக்கிக்கிட்டு வா. பக்கத்துல நின்னு அந்தக் காயிதத்தப் படி. சரியா இருந்தாத்தான் கை வைப்பேன், இல்லாட்டி திரும்ப எழுதச் சொல்லுவேன்.